தேரர் என்று யாரைச் சொல்வது?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். உப்பளத்தை ஒட்டிய காலனிகளில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் புத்தர் படம் மாட்டிய வீடுகள் இருக்கின்றன. கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் போய் வருவது என் வேலை. இந்தச் சில கிலோமீட்டருக்குள் ஒரே சொல் இரண்டு விதமாகக் காதில் விழுவதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தச் சொல், தேரர்.

புத்த பூர்ணிமா கூட்டத்துக்கு ஒரு துறவியை அழைத்திருந்தார்கள். துண்டறிக்கையில் அவர் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று கேள்வி வந்தது. இளைஞர்கள் சிலர் 'பந்தே' என்றார்கள். நாக்பூர் காணொளிகளில் கேட்டுப் பழகிய சொல். ஒருவர் 'பிக்கு' என்றார். உப்பு வாரும் அக்கா ஒருவர், "சாமின்னே போட்டுடுங்க, எல்லாருக்கும் புரியும்" என்றார். 'மகாதேரர்' என்று போடலாமே, அம்பேத்கருக்குத் தீட்சை கொடுத்தவரின் பட்டமே அதுதானே என்று நான் சொன்னேன். முகாமிலிருந்து மாலைப் படிப்புக்கு வரும் மாணவி ஒருத்தி அதுவரை பேசாமல் இருந்தவள், "தேரர் எண்டு போட்டால் எங்கட அம்மா வரமாட்டா" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. துண்டறிக்கை 'பிக்கு' என்றே அச்சானது.

அந்த அம்மாவின் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. அதைப் பேசுவதற்கு முன் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

சமஸ்கிருதத்தில் 'ஸ்தவிர'. நிற்றல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. நிலைத்தவர், உறுதிப்பட்டவர், அதனால் மூத்தவர். பாலியில் அது 'தேர' ஆனது. தேரவாதம் என்றால் மூத்தோர் நெறி. சிங்களத்தில் தேரோ, தாய்லாந்திலும் தேர. அங்கே சங்கத்தின் உச்ச அவைக்கு மகாதேர சமாகம் என்று பெயர். திபெத்தியர்கள் ஒலியை எடுத்துக்கொள்ளாமல் பொருளை மொழிபெயர்த்தார்கள்: 'நெதென்', உறுதியாக நிலைத்திருப்பவர். சீனர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். அவர்கள் மொழியில் தேரர் என்பவர் 'ஷாங்ட்சுவோ', அதாவது மேல் இருக்கை. இன்னொரு சொல்லும் உண்டு, 'ட்சாங்லாவ்', வயதில் பெரியவர். மராத்தியிலும் இந்தியிலும் சமஸ்கிருத வடிவமே திரும்பி வந்து 'மகாஸ்தவிர்' ஆயிற்று.

தமிழில் 'தேர்' என்றால் ஆராய்ந்து தெளிதல் என்பதால், தேர்ந்தவரே தேரர் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சொல்லின் பிறப்பு அதுவல்ல. 'புத்துப்பட்டு' என்பது 'புத்தர்பட்டு'தான் என்று சொல்பவர்களிடமும் இதையே சொல்வேன். புற்று இருந்த ஊருக்கும் அந்தப் பெயர் வரும். நம் வரலாற்றுக்குப் போதுமான சான்றுகள் இருக்கின்றன. ஒலி ஒற்றுமையைப் பிடித்துத் தொங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

மூத்தவர் என்பதைச் சமயப் பட்டமாக்கியது பௌத்தம் மட்டுமல்ல. கிரேக்கத்தில் மூத்தவர் என்று பொருள்பட்ட சொல்தான் ஆங்கிலத்தில் பாதிரியாரைக் குறிக்கும் 'பிரீஸ்ட்' ஆனது. தமிழ் பைபிளில் அவர் மூப்பர். அரபியில் ஷேக் என்றாலும் முதியவர்தான். நம் ஊர்களிலும் மூப்பன், பெரியதனக்காரர் எல்லாம் மூத்தவரைக் குறிக்கும் சொற்களாகத்தான் தொடங்கியிருக்கும். ஆனால் இங்கே மூப்பு என்பது வயதில் இல்லை, பிறப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊர்த் தெருவின் பத்து வயதுப் பையன் சேரியின் எழுபது வயதுத் தாத்தாவைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். உப்பளத்தில் இன்றும் ஐம்பது வயதுப் பெண்ணை "ஏய், இங்க வா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சேரி மனிதருக்கு வயது ஏறும், மூப்பு ஏறாது.

இந்த இடத்தில்தான் தேரர் என்ற சொல் வேறாக நிற்கிறது. விநய பிடகத்தின் சுள்ளவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பிக்குகள் சிலர் முன்னால் ஓடிப்போய்த் தங்குமிடங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். பின்னால் வந்த சாரிபுத்தருக்கு இடமில்லை. மரத்தடியில் இரவைக் கழிக்கிறார். காலையில் இதை அறிந்த புத்தர் பிக்குகளைக் கூட்டிக் கேட்கிறார்: முதல் இருக்கை, முதல் தண்ணீர், முதல் உணவு யாருக்கு உரியவை? சத்திரியக் குடும்பத்திலிருந்து துறவுக்கு வந்தவருக்கு என்கிறார்கள் சிலர். பிராமணக் குடும்பத்திலிருந்து வந்தவருக்கு என்கிறார்கள் சிலர். தம்மம் நன்றாகப் பேசுபவருக்கு, தியானத்தில் உயர்ந்தவருக்கு என்றும் பதில்கள் வருகின்றன. எதையும் அவர் ஏற்கவில்லை. ஒரு கதை சொல்கிறார்.

ஓர் ஆலமரத்தடியில் யானை, குரங்கு, கௌதாரி மூன்றும் வாழ்கின்றன. நம்மில் யார் மூத்தவர் என்று பேச்சு வருகிறது. நான் கன்றாக இருந்தபோது இந்த மரத்தின் கொழுந்து என் வயிற்றில் உரசும் உயரம்தான் என்கிறது யானை. நான் குட்டியாக இருந்தபோது தரையில் உட்கார்ந்தபடியே இதன் கொழுந்தைக் கடித்திருக்கிறேன் என்கிறது குரங்கு. வேறோர் ஆலமரத்தின் பழத்தைத் தின்று இங்கே எச்சமிட்டேன், அதிலிருந்து முளைத்தது இது என்கிறது கௌதாரி. அன்றிலிருந்து யானையும் குரங்கும் கௌதாரியை வணங்கி நடக்கின்றன. கதையைச் சொல்லிவிட்டு, வணக்கமும் முதல் இருக்கையும் முதல் தண்ணீரும் முதல் உணவும் மூப்பின்படியே என்று விதி வகுக்கிறார் புத்தர். மூப்பு என்பது துறவேற்ற நாளிலிருந்து எண்ணுவது. பத்து மழைக்காலம் கடந்தவர் தேரர், இருபது கடந்தவர் மகாதேரர் என்பது பின்னர் நிலைத்த வழக்கம்.

இருக்கை, தண்ணீர், உணவு. இந்த மூன்றையும் வரிசையாகப் படிக்கும்போது நமக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் அமர்த்தப்பட்டு மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் நாடெங்கும் போனது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கலந்திருந்தது. தேநீர்க் கடையின் தனிக் குவளையைப் பற்றி எழுதி எழுதி நமக்கே அலுத்துவிட்டது. சாதி அன்றாடம் வேலை செய்வது இந்த மூன்று இடங்களில்தான் என்பது அந்தத் துறவிகள் கூட்டத்திலும் தெரிந்திருக்கிறது. அங்கே முதலில் வந்த பதிலே சத்திரியன், பிராமணன் என்பதுதானே!

உபாலியின் கதை இதைவிடக் கூர்மையானது. அனுருத்தர், ஆனந்தர், தேவதத்தன் உள்ளிட்ட சாக்கிய இளவரசர்கள் துறவேற்கக் கிளம்புகிறார்கள். கூடவே அவர்களுக்கு முடிதிருத்தும் உபாலியும் வருகிறார். புத்தர் முன்னால் நின்று அவர்களே கேட்கிறார்கள்: இவருக்கு முதலில் துறவு கொடுங்கள்; நாங்கள் இவரை எழுந்து வணங்க வேண்டும், அப்போதுதான் சாக்கியர் என்ற எங்கள் செருக்கு அடங்கும். உபாலி சில நிமிடங்கள் முந்தினார். அந்தச் சில நிமிடங்களுக்காக இளவரசர்கள் வாழ்நாள் முழுதும் அவருக்குப் பின்னால் அமர வேண்டியிருந்தது. விநய விதிகளில் சங்கத்திலேயே தலைசிறந்தவராக அவர் ஆனார். புத்தர் மறைந்தபின் கூடிய முதல் சங்கீதியில் விநயத்தை எடுத்துரைத்தவர் அவர்தான்.

இப்போது இலங்கைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே முறைப்படி துறவேற்ற பிக்குகளின் தொடர் அற்றுப்போயிருந்தது. கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சியாமிலிருந்து ஒரு துறவியை வரவழைத்து 1753இல் துறவேற்பை மீட்டார். அந்த அரசன் தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்தவர். சியாமிலிருந்து வந்த துறவியின் பெயரோ உபாலி தேரர். முடிதிருத்துபவராக இருந்து சங்கத்தின் மூத்தவரான அந்த உபாலியின் பெயர்தான். அவர் வழியாகத் தொடங்கிய சங்கப் பிரிவின் முழுப்பெயர் சியாமோபாலி நிக்காய. சியாம் நிக்காய என்று சுருக்கிச் சொல்வார்கள். தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே அதில் முழுத் துறவேற்பு 'கொவிகம' என்ற நில உடைமைச் சாதிக்கு மட்டும் என்று ஆக்கப்பட்டது.

உபாலியின் பெயரைத் தாங்கிய சங்கத்தில் உபாலிக்கு இடமில்லை. இதை முதன்முதலில் முதுகலை வகுப்பில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. களத்துக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. சாதி ஒரு சமயத்தை எதிர்த்து வெளியில் நின்று சண்டை போடுவதில்லை. அந்தச் சமயத்தின் பட்டங்களையே வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறது.

ஒதுக்கப்பட்ட சாதியார் சும்மா இருக்கவில்லை. கறுவாப்பட்டை உரிக்கும் வேலை விதிக்கப்பட்ட சலாகம சாதியிலிருந்து ஒரு குழு கப்பலேறி பர்மாவின் அமரபுரத்துக்குப் போய்த் துறவேற்று 1803இல் திரும்பியது. அமரபுர நிக்காய அப்படிப் பிறந்தது. தேரர் என்று அழைக்கப்படும் உரிமைக்காக வங்கக் கடலைக் கடந்தவர்கள் அவர்கள். பின்னாளில் அமரபுர நிக்காயவும் சாதிவாரியாகப் பிரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி அந்த அம்மாவின் பயம். 1956 புத்தரின் 2500ஆம் ஆண்டு நிறைவுக் கொண்டாட்டக் காலம். அந்த ஆண்டு இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதற்காகத் தெருவில் இறங்கி வேலை செய்தவர்களில் பிக்குகள் முன்வரிசையில் இருந்தார்கள். தமிழருக்குக் கொஞ்சம் அதிகாரம் தருவதாகச் செல்வநாயகத்துடன் பண்டாரநாயக்க செய்த ஒப்பந்தத்தை 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு முன் உட்கார்ந்து கிழிக்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு அவரையே சுட்டுக் கொன்றவர் தல்துவே சோமராம தேரர். முகாமில் இருக்கும் பெரியவர்கள் 'தேரர்' என்ற சொல்லை இந்த வரிசையில்தான் கற்றார்கள். தமிழ்ச் செய்தித்தாளில் மகாநாயக்க தேரர் அறிக்கை என்று தலைப்பு வந்தால், தமிழர் கேட்ட எதையோ மறுக்கிறார்கள் என்று படிக்காமலே தெரியும் என்றார் முகாமில் ஒரு தாத்தா.

அதே 1956இல், அக்டோபர் 14 அன்று, நாக்பூரில் அம்பேத்கர் மகாதேரர் சந்திரமணியிடம் தீட்சை பெற்றார். சந்திரமணி பர்மாவிலிருந்து வந்து குசிநகரில் வாழ்ந்தவர். கொழும்பில் அந்தப் பட்டத்தை உடையவர்கள் ஒரு சிறுபான்மையின் மொழியை மறுத்துக்கொண்டிருந்த ஆண்டில், நாக்பூரில் அதே பட்டத்தை உடைய ஒருவர் முன் தீண்டாமைக்கு உள்ளான மக்கள் இலட்சக்கணக்கில் நின்றார்கள். எந்த ஒன்றை மட்டும் சொன்னாலும் பாதி வரலாறுதான்.

நாக்பூரில் இன்னொன்றும் நடந்தது. தீட்சை பெற்ற அம்பேத்கர் திரும்பி நின்று, கூடியிருந்த மக்களுக்குத் தாமே தீட்சை கொடுத்தார். அவர் பிக்கு அல்ல, தேரர் அல்ல, குடும்பஸ்தர். பட்டத்துக்கு வணக்கம் செலுத்தினார், ஆனால் வழியின் சாவியைப் பட்டத்தின் கையில் விட்டுவைக்கவில்லை. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் அவர் எழுப்பும் கேள்விகளில் ஒன்று, பிக்கு என்பவர் தன்னளவில் நிறைமனிதராக இருந்தால் போதுமா, சமூகத்துக்கு ஊழியம் செய்ய வேண்டாமா என்பது. காவி கண்டவுடன் காலில் விழும் நம் தோழர்கள் அந்த முன்னுரையை மட்டுமாவது படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இது இன்னும் முன்னால் தொடங்கியது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டுடன் கொழும்பு போய் ஹிக்கடுவே சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்ச சீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சுமங்கலர் சியாம் நிக்காயவைச் சேர்ந்தவர். தம் சங்கத்தின் சாதிக் கதவு அப்படியே இருக்க, கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து போன 'பறையர்' என்று அழைக்கப்பட்டவருக்குச் சீலம் கொடுத்தவரும் அவரே. இதை முரண் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்தக் கதவுக்குள்ளும் ஒரு ஆள் கையை நீட்டியிருக்கிறார்.

பண்டிதர் அங்கே போய்த் தேரரைத் தேட வேண்டி வந்தது ஏன் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு காலத்தில் தேரர்கள் இங்கேயே இருந்தார்கள். பெரும் உரையாசிரியர் புத்தகோசர், காஞ்சிபுரத்தில் தம்மோடு தங்கியிருந்த ஜோதிபாலரைத் தேரர் என்றே எழுதிவைத்திருக்கிறார். சோழநாட்டுப் புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து பாலியில் நூல் எழுதினார். மரக்காணத்துக்கு வடமேற்கே ஒன்று, தெற்கே ஒன்று. இடையில் கிடக்கும் இந்தக் கரை வழியே அவர்கள் நடந்திருக்க மாட்டார்களா என்று எனக்குத் தோன்றும். அப்புறம் தேவாரக் காலம். சம்பந்தர் பதிகங்களின் பத்தாம் பாடலில் சமணரும் தேரரும் வழக்கமாக வசைக்கு உள்ளாகிறார்கள். மூத்தவர் என்று பொருள்பட்ட சொல் தமிழில் வசையாகப் பாடிப் பாடிப் பழக்கப்படுத்தப்பட்டது. பிறகு சொல்லே நாவிலிருந்து போனது. போன சொல் பல நூற்றாண்டுகள் கழித்து ஈழத்துச் செய்தித்தாள் வழியாகத் திரும்பியபோது இன்னொரு வசையாக வந்து சேர்ந்தது.

இதில் என் கருத்து என்ன என்று தோழர்கள் கேட்டார்கள். 'சாமி' வேண்டாம். அந்தச் சொல்லோடு தட்டும், குறிமேடும், ஊர் மரியாதையும் சேர்ந்தே வரும். 'பந்தே' அழைக்கும்போது சொல்வது. பாலியின் 'பதந்த' என்பதோடு உறவுடைய மரியாதை விளி. நேரில் கூப்பிட நல்ல சொல், துண்டறிக்கைக்குப் பொருந்தாது. 'தேரர்' என்பதை நாம் விடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். காஞ்சியில் இருந்த சொல்லைக் கண்டிக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருவது என்ன நியாயம்? ஆனால் முகாமுக்குப் போய், உங்கள் பயம் தவறு, பௌத்தம் அன்பு மதம் என்று வகுப்பெடுக்கவும் நமக்கு உரிமை இல்லை. 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் வீடுகள் எரிந்ததைப் பார்த்த பிள்ளைகளிடம், அது எல்லாம் பழைய கதை என்று வெளியூர்க்காரர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? சியாம் நிக்காயவின் சாதியையும் 1958ஐயும் நம் கூட்டங்களில் நாமே வாய் திறந்து பேச வேண்டும். நம் மேடையில் அது ஒலித்தால், அந்த அம்மா வருவதும் வராததும் அவர் விருப்பம்.

பட்டத்தை உடையவர்களிடமும் அந்த விதியைக் கேட்டுப் பழக வேண்டும். நரைத்த தலையை மட்டும் வைத்து ஒருவரைத் தேரர் என்று கொள்ளக் கூடாது என்ற கருத்து தம்மபதத்தில் வருகிறது. அதற்கு உரைக்கதையும் உண்டு: லகுண்டக பத்தியர் என்ற தேரர் மிகக் குள்ளமானவர், பார்த்த பிக்குகள் யாரோ சின்னப் பையன் என்று நினைத்துவிட்டார்கள். உருவத்தை வைத்து எடைபோடும் பழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது.

ஆண்களிடம் இவ்வளவு பேசினால் தலையாட்டுகிறார்கள். அடுத்ததைச் சொன்னால் நாற்காலி நகர்கிறது. தேர என்ற சொல்லுக்குப் பாலியில் பெண்பால் உண்டு: தேரி. (தென்மாவட்டத் தோழர்களுக்குச் செம்மணல் மேடுதான் நினைவுக்கு வரும், இது வேறு.) மூத்த பிக்குணிகளின் பாடல்கள் 'தேரிகாதா' என்றே தொகுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் ஒருவர் புண்ணிகா. எசமானர் வீட்டுக்குக் குளிரிலும் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்த அடிமைப் பெண். பாவம் போக ஆற்றில் மூழ்கும் பிராமணரைப் பார்த்து, தண்ணீரில் பாவம் போகுமென்றால் அதிலேயே கிடக்கும் மீனும் ஆமையும் தவளையும்தானே முதலில் கரையேறும் என்று மடக்கியவர். கால் வெடித்து உப்புநீரில் நிற்கும் எங்கள் அக்காக்களுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது சிரித்த சிரிப்பு பாத்தி தாண்டிக் கேட்டிருக்கும். அந்தத் தண்ணீர்க்காரிதான் சங்கத்தில் 'தேரி' என்று நின்றார்.

அதே விநயத்தில்தான் இன்னொரு விதியும் இருக்கிறது. நூறு ஆண்டு துறவில் இருந்த பிக்குணியும், அன்றைக்குத் துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும். இது புத்தர் வாக்கல்ல, பிற்காலச் சேர்க்கை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. யார் சேர்த்தாலும், கௌதாரிக் கதையை முறிக்கும் விதி இது. பிறப்பை எண்ணாதே, ஆண்டுகளை எண்ணு என்று சொன்ன இடத்தில் பெண்ணுக்கு மட்டும் பிறப்பை எண்ணுகிறது. இலங்கையில் பிக்குணித் துறவேற்பு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் அற்றுக்கிடந்து 1998இல்தான் அந்த மண்ணில் மீண்டது. பெரிய நிக்காயக்களின் தலைமை அதை இன்னும் முழுமனதாக ஏற்கவில்லை. கொவிகம கதவைக் கண்டிக்கும் நாம் இந்தக் கதவின் முன்னால் மௌனமாக இருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பிக்குணியை அழைக்க வேண்டும் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன். அவரைத் தேரி என்று அச்சடிப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மேடையில் பிக்குவும் இருந்தால் யார் எங்கே உட்காருவது, தண்ணீரை முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது.